நின்றுபோன டோரண்ட்: வேகக் குறைவும் ஆள் இல்லாமையும் ஒன்றல்ல

சிங்கப்பூரில் வீட்டு இணையத்தின் வேகம் விநாடிக்கு 1 கிகாபிட் என்பது இன்று சாதாரணம். 10 கிகாபிட் திட்டங்களும் விற்பனைக்கு வந்துவிட்டன. அப்படிப்பட்ட இணைப்பை வைத்துக்கொண்டு, கைப்பேசியில் ஒரு டோரண்ட் (கோப்பைப் பிற பயனர்களின் கருவிகளிலிருந்து துண்டு துண்டாக இறக்கும் முறை) மணிக்கணக்கில் அசையாமல் நிற்பதைக் காணும்போது பலரும் முதலில் நாடுவது வேகச் சோதனையைத்தான். சோதனை பெரிய எண்ணைக் காட்டியதும், செயலி கெட்டுவிட்டது என்றோ தொலைத்தொடர்பு நிறுவனம் தடுத்துவிட்டது என்றோ முடிவுகட்டி, செயலியை அழித்து மீண்டும் நிறுவுகிறார்கள், விபிஎன் (இணையத் தொடர்பை வேறொரு சர்வர் வழியாக அனுப்பும் சேவை) வாங்குகிறார்கள், வேகத்தைப் பத்து மடங்காக்குவதாகச் சொல்லும் குறிப்புகளைத் தேடுகிறார்கள். நின்றுபோதல் என்பது வேகக் குறைவின் கடைசிப் படி என்று எண்ணுவதால் வரும் குழப்பம் இது. வேகச் சோதனை அளப்பது உங்கள் வீட்டுக்கும் அருகிலுள்ள ஒரு சர்வருக்கும் இடையிலான பாதையை மட்டுமே. டோரண்ட் நிற்பதோ, கொடுக்க ஆள் இல்லாதபோதும், ஆள் இருந்தும் எட்ட முடியாதபோதும், எட்டியும் அவர் கொடுக்காதபோதும், கைப்பேசியே உறங்கிவிடும்போதும்தான். இந்த நான்கில் எது என்பதற்கான தடயம் பெரும்பாலும் செயலியின் திரையிலேயே இருக்கிறது.

இக்கட்டுரை ஆண்ட்ராய்டு கைப்பேசிகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. ஐபோனின் ஆப் ஸ்டோர் டோரண்ட் செயலிகளுக்கு நெடுங்காலமாகவே இடம் கொடுத்ததில்லை. டோரண்ட் என்றாலே திருட்டுப் படம் என்ற எண்ணமும் பரவலாக உண்டு. ஆனால் உபுண்டு, டெபியன் போன்ற இயங்குதளங்களும், லிப்ரே ஆபிஸ் மென்பொருளும், இன்டர்நெட் ஆர்கைவில் உள்ள எண்ணற்ற நூல்களும் ஒலிப்பதிவுகளும், இணையமின்றி விக்கிப்பீடியாவைப் படிக்க உதவும் கிவிக்ஸ் தொகுப்புகளும் அவற்றை வெளியிடுவோராலேயே டோரண்டாகத் தரப்படுகின்றன. நமது எடுத்துக்காட்டுகள் இவையே.

## ஒரு குறிப்பேடு, முப்பது மாணவர்கள்

துணைப்பாட வகுப்பு ஒன்றில் ஆசிரியரிடம் 200 பக்கங்கள் கொண்ட தேர்வுக் குறிப்பேடு ஒன்றே ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முப்பது மாணவர்களும் வரிசையில் நின்று ஒவ்வொருவராக முழுக் குறிப்பேட்டையும் நகலெடுத்தால் பொழுது விடிந்துவிடும். அதனால் ஆசிரியர் ஆளுக்குச் சில பக்கங்களைப் பிரித்துக் கொடுத்து, மீதியை ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்கி நகலெடுத்துக்கொள்ளச் சொல்கிறார். யார் யார் வகுப்பில் சேர்ந்திருக்கிறார்கள் என்ற தொலைபேசிப் பட்டியலையும் அவரே வைத்திருக்கிறார்.

இந்த ஏற்பாடு வேகமானது. ஆனால் இதற்கு ஒரு பலவீனம் உண்டு. எல்லாப் பக்கங்களும் கைமாறுவதற்குள் ஆசிரியர் ஊருக்குப் போய்விட்டார், 143ஆம் பக்கத்தை யாருமே நகலெடுத்திருக்கவில்லை என்றால், முப்பது பேரும் 199 பக்கங்களோடு நின்றுவிடுவார்கள். நகலெடுக்கும் இயந்திரம் எவ்வளவு விரைவானதாக இருந்தாலும் அந்தப் பக்கம் வந்துவிடாது.

## உண்மையில் நடப்பது

பிராம் கோஹன் 2001இல் வெளியிட்ட பிட்டோரண்ட் நெறிமுறை ஏறக்குறைய இதையே செய்கிறது. கோப்பு பல துண்டுகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒரு துண்டின் அளவு சில நூறு கேபியிலிருந்து சில எம்பி வரை இருக்கும். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு ஹேஷ் கணக்கிடப்படுகிறது. ஹேஷ் என்பது தரவிலிருந்து கணித முறையில் பெறப்படும் கைரேகை போன்ற ஓர் எண். தரவில் ஓர் எழுத்து மாறினாலும் அது மாறிவிடும். முன்பின் அறியாத ஒருவர் அனுப்பிய துண்டைச் செயலி நம்பி ஏற்பது, ஹேஷ் பொருந்துகிறதா என்று பார்த்த பிறகுதான். பொருந்தாவிட்டால் துண்டை எறிந்துவிட்டு மீண்டும் கேட்கும்.

முழுக் கோப்பையும் வைத்திருந்து பகிர்பவர் சீடர். இன்னும் பதிவிறக்கிக்கொண்டே கையில் உள்ளதைப் பகிர்பவர் பியர். யார் யாரிடம் அந்த டோரண்ட் உள்ளது என்ற முகவரிப் பட்டியலை வைத்திருக்கும் சர்வர் டிராக்கர். அதனிடம் கோப்பு இருப்பதில்லை, பட்டியல் மட்டுமே இருக்கும். டிராக்கர் இல்லாமலேயே, பயனர்களின் செயலிகள் தங்களுக்குள் அந்தப் பட்டியலைப் பிரித்து வைத்துக்கொள்ளும் முறைக்கு டிஎச்டி என்று பெயர்.

சுருக்கமாக: பொதுவாகக் கோப்பு ஒரு சர்வரிலிருந்து வருவதில்லை, மனிதர்களின் கருவிகளில் துண்டு துண்டாக இருக்கிறது. உங்கள் செயலி முதலில் ஆட்களைக் கண்டுபிடிக்க வேண்டும், பின்பு அவர்களோடு தொடர்பு ஏற்படுத்த வேண்டும், அவர்கள் கொடுக்க வேண்டும், வந்ததைச் சரிபார்த்துச் சேமிக்க வேண்டும். இவற்றில் ஏதேனும் ஒரு படி நிறைவேறாதபோதுதான் ‘ஸ்டால்ட்’ (நின்றுவிட்டது) என்ற சொல் திரையில் தோன்றுகிறது.

## ஆரம்பத்திலேயே நிற்பது

பெயரும் அளவும்கூடத் தெரியாமல், ‘மெட்டாடேட்டா பதிவிறக்கப்படுகிறது’ என்ற நிலையிலேயே டோரண்ட் நின்றால், உங்கள் செயலிக்கு இன்னும் ஒருவர்கூடக் கிடைக்கவில்லை என்று பொருள். டோரண்டைத் தொடங்கப் பயன்படும் மேக்னெட் இணைப்பில் கோப்பு இல்லை, துண்டுகளின் பட்டியலும் இல்லை. பெரும்பாலும் 40 எழுத்துகளால் ஆன ஓர் அடையாள ஹேஷும், சில டிராக்கர் முகவரிகளும் மட்டுமே இருக்கும். கோப்பின் பெயர், அளவு, துண்டுகளின் ஹேஷ் பட்டியல் ஆகியவற்றை, அதாவது மெட்டாடேட்டாவை, ஏற்கெனவே வைத்திருக்கும் யாரேனும் ஒருவரிடமிருந்துதான் வாங்க வேண்டும்.

வாட்ஸ்அப்பில் வந்த மேக்னெட் இணைப்பாக இருந்தால், அது முழுமையாக நகலெடுக்கப்பட்டதா என்று முதலில் பாருங்கள். 40 எழுத்துகளில் ஒன்று குறைந்தாலும் அது எந்தக் கோப்பையும் குறிக்காது. பின்பகுதியில் இருக்கும் டிராக்கர் முகவரிகள் வெட்டுப்பட்டிருந்தாலோ, செயலி டிஎச்டியை மட்டுமே நம்ப வேண்டியிருக்கும். டிஎச்டி யுடிபி என்னும் தகவல் வகையில் இயங்குவது. பள்ளி, அலுவலகம், கடைத்தொகுதி போன்ற இடங்களின் வைஃபையில் அந்த வகை வடிகட்டப்படுவது உண்டு. அங்கே நின்ற அதே மேக்னெட், மொபைல் டேட்டாவுக்கு மாறியதும் ஓரிரு நிமிடத்தில் உயிர்பெற்றால், காரணம் அந்த வைஃபைதான். மேக்னெட்டுக்குப் பதிலாக டோரண்ட் கோப்பையே தளத்திலிருந்து இறக்கிச் செயலியில் சேர்ப்பதும் நல்ல சோதனை, ஏனெனில் மெட்டாடேட்டா அதற்குள்ளேயே இருக்கிறது.

இங்கே ஒரு தவறான புரிதலையும் குறிப்பிட வேண்டும். 2018இல் சிங்கப்பூர் உயர் நீதிமன்றம் 53 திருட்டுத் தளங்களை முடக்குமாறு இணையச் சேவை நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. அதிலிருந்து, டோரண்ட் நின்றாலே ‘சிங்கப்பூரில் தடுத்துவிட்டார்கள்’ என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. தளத்தை முடக்குவது என்பது அதன் பக்கங்களைத் திறக்க முடியாமல் செய்வது. பியர்கள் தங்களுக்குள் துண்டுகளைப் பரிமாறிக்கொள்வது வேறொரு பாதையில் நடக்கிறது. உபுண்டுவின் டோரண்ட் உங்கள் வீட்டில் ஓடி, வேறொன்று ஓடவில்லை என்றால், சந்தேகம் அந்தக் குறிப்பிட்ட டோரண்ட் மீதுதான் விழ வேண்டும். எந்தப் பழுதாய்வையும் இந்தச் சோதனையிலிருந்து தொடங்குவது நல்லது, ஏனெனில் புதிய உபுண்டு பதிப்புக்குச் சீடர்கள் எப்போதும் ஏராளம்.

## 98 விழுக்காட்டில் நிற்பது

மிகுந்த எரிச்சலைத் தருவது இதுதான்; மிகத் தெளிவான விளக்கம் உள்ளதும் இதுதான். பிட்டோரண்ட் செயலிகள் எந்தத் துண்டு மிகக் குறைவான பேரிடம் இருக்கிறதோ அதை முதலில் வாங்க முயல்கின்றன. 143ஆம் பக்கத்தை முதலில் நகலெடுத்துவிட வேண்டும் என்ற முன்யோசனைதான் இது. ஆனால் கடைசிச் சீடர் விலகுவதற்கு முன்பே அது நடந்தாக வேண்டும். நடக்காதபோது, பியர்கள் இருபது பேர் திரையில் தெரிவார்கள், எல்லோரும் அதே 98 விழுக்காட்டில் நிற்பார்கள், ஒருவரிடமும் மற்றவருக்கு இல்லாதது எதுவும் இருக்காது.

இதை உறுதிசெய்ய இரண்டு இடங்களைப் பார்க்கலாம். ஒன்று, பியர் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் எதிரே உள்ள விழுக்காடு. யாரேனும் ஒருவர் 100 என்று இருந்தால் நம்பிக்கை உண்டு. மற்றொன்று, சில செயலிகள் ‘கிடைக்கும் தன்மை’ என்று காட்டும் எண். அது 3.4 என்றால், தொடர்பில் உள்ளவர்களிடையே மிக அரிதான துண்டுக்குக்கூட மூன்று பிரதிகள் உள்ளன. 0.98 என்றால், அவர்களில் எவரிடமுமே இல்லாத துண்டுகள் சில உள்ளன. விடுபட்ட அந்தத் துண்டுகள்தாம் உங்களுக்கும் வேண்டும் என்றால், எந்த அமைப்பை மாற்றினாலும் பயன் இல்லை.

பதிவிறக்கத் தளத்தில் ‘சீடர்கள் 45’ என்று போட்டிருக்கிறதே என்று கேட்கலாம். அந்த எண் தளம் கடைசியாக டிராக்கரிடம் விசாரித்தபோது இருந்த நிலவரம். அது நேற்றையதாகவும் இருக்கலாம், சென்ற ஆண்டையதாகவும் இருக்கலாம். உங்கள் செயலி இப்போது காட்டும் எண்ணைத்தான் நம்ப வேண்டும்.

இதே இடத்தில் நிற்பதற்கு வேறொரு காரணமும் உண்டு: நினைவக அட்டையில் எழுதும்போது ஏற்பட்ட பிழையால் சில துண்டுகள் கெட்டிருக்கலாம், அல்லது செயலியின் கணக்கு தவறியிருக்கலாம். ‘மீண்டும் சரிபார்’ என்ற கட்டளை, கையில் உள்ள எல்லாத் துண்டுகளின் ஹேஷையும் புதிதாகக் கணக்கிட்டு, கெட்டவற்றை மட்டும் மறுபடி கேட்கும். எந்த இழப்பும் இல்லாத சோதனை என்பதால் இதைத் தயங்காமல் செய்யலாம்.

சுருக்கமாக: தொடக்கத்தில் நின்றால் ஆளே கிடைக்கவில்லை, இறுதியில் நின்றால் ஆட்கள் இருந்தும் அந்தத் துண்டு அவர்களிடம் இல்லை.

## சீடர் இருக்கிறார், எட்ட முடியவில்லை

இணையத்தில் மிக மேலோட்டமாகப் பேசப்படுவது இந்தப் பகுதி. டிராக்கர் ‘சீடர்கள் 2’ என்கிறது. உங்கள் செயலியோ ‘இணைந்திருப்பவர் 0’ என்கிறது. அந்த இருவரும் எங்கே?

உங்கள் வீட்டில் ரவுட்டர் ஒன்றுதான் இணையத்தை நேரடியாகத் தொடுகிறது. கைப்பேசிக்கு அது கொடுத்திருப்பது 192.168 என்று தொடங்கும் உள்வீட்டு முகவரி. வெளியே செல்லும் ஒவ்வொரு கோரிக்கையிலும் ரவுட்டர் தன் பொது முகவரியை இட்டு அனுப்பி, பதில் வரும்போது உரிய கருவியிடம் சேர்க்கிறது. இந்த ஏற்பாட்டுக்கு நேட் என்று பெயர். நீங்கள் தொடங்கிய உரையாடலுக்குப் பதில் வந்தால் ரவுட்டருக்கு அது யாருக்கு என்று தெரியும். வெளியிலிருந்து ஒருவர் தானாகத் தொடர்புகொள்ள முயன்றால், அது வீட்டில் எந்தக் கருவிக்கு என்று தெரியாமல் ரவுட்டர் அதைத் தள்ளிவிடும். வகுப்பின் சொல்லில் சொன்னால், நீங்கள் மற்றவர்களை அழைக்கலாம், உங்களை யாரும் அழைக்க முடியாது. அழைக்க மட்டுமே முடிந்த இருவர் ஒருவரையொருவர் பிடிப்பது கடினம். சில செயலிகள் மூன்றாமவர் ஒருவரின் துணையோடு இதைத் தாண்ட முயன்றாலும் எப்போதும் வெற்றி கிட்டுவதில்லை.

மொபைல் டேட்டாவில் இது ஒரு படி மேலே போகிறது. ஐபிவி4 என்னும் பழைய வகை இணைய முகவரிகள் போதாமையால், தொலைத்தொடர்பு நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்தளிக்கின்றன. இதற்கெனவே 100.64 முதல் 100.127 வரையிலான முகவரித் தொகுதி 2012இல் ஒதுக்கப்பட்டது. இங்கே நேட் உங்கள் வீட்டில் இல்லை, நிறுவனத்தின் வலையமைப்புக்குள் இருக்கிறது; உங்களால் அதில் கைவைக்க முடியாது. ஐநூறு சீடர்கள் உள்ள டோரண்டுக்கு இது ஒரு பொருட்டே அல்ல, ஏனெனில் அவர்களில் பலர் அழைப்பை ஏற்கக்கூடியவர்களாக இருப்பார்கள். இரண்டே சீடர்கள் இருந்து, இருவரும் இதேபோன்ற சுவருக்குப் பின்னால் இருந்தால், உங்கள் 5ஜி இணைப்பு எத்தனை வேகமாக இருந்தாலும் 0தான்.

அரிதான கோப்புகளுக்கு வீட்டு வைஃபை சிறந்தது என்று சொல்வது இதனால்தான். ரவுட்டரிலும் செயலியிலும் யுபிஎன்பி என்ற அமைப்பை இயக்கினால், செயலி தனக்கென ஒரு போர்ட்டைத் திறந்துவைக்குமாறு ரவுட்டரிடம் தானே கேட்டுக்கொள்ளும். போர்ட் என்பது, ஒரே முகவரிக்கு வரும் தகவல்களில் எது எந்தச் செயலிக்கு என்று பிரிக்கும் எண். நம் வீவக (அரசு அடுக்குமாடி) வீடுகள் பலவற்றில் நிறுவனம் கொடுத்த ரவுட்டருக்குப் பின்னால் சொந்தமாக வாங்கிய மெஷ் ரவுட்டரும் மாட்டப்பட்டிருக்கும். இரண்டும் தனித்தனியே நேட் செய்தால், உள்ளே இருப்பதில் போர்ட் திறந்தாலும் வெளியே இருப்பதில் மூடியே இருக்கும். மெஷ் ரவுட்டரை ‘பிரிட்ஜ்’ அல்லது ‘ஆக்சஸ் பாயிண்ட்’ முறைக்கு மாற்றினால் இந்த இரட்டைச் சுவர் நீங்கும். யுபிஎன்பி வீட்டில் உள்ள எந்தக் கருவிக்கும் போர்ட்டைத் திறந்துகொடுக்கும் என்பதால், தேவை முடிந்ததும் அதை அணைத்துவிடுவது என் பரிந்துரை.

## கொடுப்பவர்கள் கொடுக்காமல் இருப்பது

பிட்டோரண்டில் பியர்கள் தங்களுக்குக் கொடுப்பவர்களுக்கே முன்னுரிமை தருகிறார்கள். யாருக்கு அனுப்புவது என்பதைச் செயலி வழக்கமாக 10 விநாடிக்கு ஒருமுறை மறுபரிசீலனை செய்கிறது. புதியவர்களுக்கும் வாய்ப்புக் கிடைப்பதற்காக 30 விநாடிக்கு ஒருமுறை யாரேனும் ஒருவரைக் குருட்டாம்போக்கில் தேர்ந்தெடுக்கிறது. டேட்டாவை மிச்சப்படுத்த எண்ணிப் பதிவேற்ற வேகத்தை விநாடிக்கு 1 கேபியாகக் குறைத்தவர், சீடர்களைத் தவிர்த்த மற்றப் பியர்களிடம் பெரும்பாலும் அந்தக் குருட்டு வாய்ப்பையே நம்பியிருக்கிறார். மேலும், பதிவிறக்கும்போதே பகிர்தலும் நடக்கிறது என்பதை மறக்கக் கூடாது. 2021இல் நடப்புக்கு வந்த புதிய பதிப்புரிமைச் சட்டத்தின்கீழ், உரிமையாளரின் அனுமதி இல்லாத படைப்பை டோரண்டில் இறக்குபவர், அதைப் பிறருக்கு விநியோகிப்பவராகவும் ஆகக்கூடும்.

## கைப்பேசி உறங்கிவிடுவது

மேற்சொன்னவை கணினிக்கும் பொருந்தும். இது கைப்பேசிக்கே உரியது, என் கணிப்பில் மிக அதிகமாகக் கவனிக்கப்படாமல் போவதும் இதுவே. 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல், திரை அணைந்து, மின்னூட்டமும் இல்லாமல், கைப்பேசி அசையாமல் சிறிது நேரம் இருந்தால், டோஸ் என்னும் உறக்க நிலை தொடங்குகிறது. அப்போது செயலிகளின் இணையத் தொடர்பு துண்டிக்கப்பட்டு, இடையிடையே சிறு இடைவெளிகளில் மட்டும் திறக்கப்படும். மின்னஞ்சலுக்கு அது போதும். நூறு பியர்களோடு இடையறாது உரையாட வேண்டிய செயலிக்குப் போதாது. கைப்பேசியைக் கையில் எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் ஓடுகிறது, மேசையில் வைத்ததும் நிற்கிறது என்றால் காரணம் இதுவே. மின்னூட்டியில் செருகியிருக்கும்போது டோஸ் இயங்காது என்பதால், இரவு செருகிவைத்துப் பார்ப்பது எளிய சோதனை.

நிலையான தீர்வுக்கு, அமைப்புகளில் அந்தச் செயலியின் பேட்டரிப் பகுதிக்குச் சென்று, கட்டுப்பாடு இல்லாத நிலையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சாம்சுங் போன்ற சில நிறுவனங்கள் இதற்கு மேல் தங்களுடைய சொந்த ‘உறங்கும் செயலிகள்’ பட்டியலையும் வைத்திருக்கின்றன. அதிலிருந்தும் செயலியை நீக்க வேண்டும். ஆண்ட்ராய்டு 7இல் வந்த டேட்டா சேவர், மொபைல் டேட்டாவில் பின்னணிச் செயலிகளை மௌனமாக்கிவிடும். ‘வைஃபையில் மட்டும்’, ‘மின்னூட்டும்போது மட்டும்’ என்ற விருப்பங்கள் டோரண்ட் செயலிக்குள்ளேயே இருந்து, என்றோ தொட்டதை மறந்திருக்கவும் வாய்ப்புண்டு.

வீட்டிலிருந்து கிளம்பி எம்ஆர்டி நிலையத்துக்குப் போகும்போது கைப்பேசி வைஃபையிலிருந்து 5ஜிக்கு மாறுகிறது, உங்கள் முகவரியும் மாறுகிறது. பழைய தொடர்புகள் எல்லாம் அறுந்துபோகும். சில செயலிகள் புதிய முகவரியை உடனே டிராக்கருக்கு அறிவிக்கும்; சில, டிராக்கர் விதித்த அரை மணி நேரம் போன்ற இடைவெளி முடியும்வரை பேசாமல் இருக்கும். டோரண்டை நிறுத்தி மீண்டும் தொடங்கினால் அறிவிப்பு புதிதாகச் செல்லும். ‘மறுபடி தொடங்கினால் சரியாகிவிடும்’ என்ற பொது அறிவுரை பலிப்பது பெரும்பாலும் இந்தச் சூழலில்தான்.

சேமிப்பிடத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இடம் தீர்ந்தால் செயலி பிழையைக் காட்டும். ஃபேட்32 முறையில் அமைக்கப்பட்ட நினைவக அட்டையில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை எழுத முடியாது. பெரிய கிவிக்ஸ் தொகுப்புகள் அங்கே இடறும். அட்டையை எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றினால் தீரும். அதற்கு முன் அட்டையில் உள்ளவற்றைப் பிரதியெடுத்துக்கொள்ள வேண்டும்.

## பலிக்காத மருந்துகள்

விபிஎன் சீடரை உருவாக்காது. வைஃபை வடிகட்டும் இடங்களில் அது உதவலாம். ஆனால் பல விபிஎன் சேவைகள் போர்ட் திறக்க அனுமதிப்பதில்லை என்பதால், அழைப்பை ஏற்கக்கூடியவராக இருந்த உங்களை அது ஏற்க முடியாதவராகவும் ஆக்கலாம். நீண்ட டிராக்கர் பட்டியல்களை ஒட்டுவது, ஆள் எங்கோ இருந்தும் தெரியாமல் இருக்கும்போது மட்டும் பயன்படும். செயலியை அழித்து மீண்டும் நிறுவுவது ஆபத்தானது: கோப்புகள் செயலிக்கே உரிய உள்கோப்புறையில் இருந்தால், செயலியோடு ஆண்ட்ராய்டு அவற்றையும் அழித்துவிடும்.

## எப்போது காத்திருப்பதை விடுவது

‘கிடைக்கும் தன்மை’ ஒன்றுக்குக் கீழேயே சில நாள்கள் நீடித்தால், அந்த டோரண்டை விட்டுவிட்டு மூலத்துக்குத் திரும்புவதே மேல். கிவிக்ஸ், டெபியன் போன்றவை புதிய பதிப்பு வந்ததும் பழையதைக் கைவிடுகின்றன, சீடர்களும் புதியதற்கு இடம்பெயர்கிறார்கள். இன்டர்நெட் ஆர்கைவின் டோரண்டுகள் வெப்சீட் என்ற வசதியைச் சார்ந்தவை. பியர் யாருமே இல்லாதபோதும் சாதாரண இணையச் சர்வரிலிருந்தே துண்டுகளை எடுத்துக்கொள்ளும் முறை அது. அதை ஆதரிக்காத செயலியில் அவை நின்றே கிடக்கும், ஆதரிக்கும் செயலியில் உடனே ஓடும். அதே கோப்பு நேரடிப் பதிவிறக்கமாகவும் தரப்படுகிறது என்றால், அதை எடுத்துக்கொள்வதில் எந்தக் குறைவும் இல்லை.

ஏற்கெனவே வந்திருக்கும் 98 விழுக்காட்டை மட்டும் அவசரப்பட்டு அழித்துவிட வேண்டாம். அதே கோப்பைக் கொண்ட வேறொரு டோரண்ட் பின்னர் கிடைத்தால், அதைப் பழைய கோப்புறையிலேயே சேமிக்குமாறு சேர்த்து, கோப்பின் பெயரும் ஒன்றாக இருப்பதை உறுதிசெய்துகொண்டு, ‘மீண்டும் சரிபார்’ என்ற கட்டளையைக் கொடுங்கள். உள்ளடக்கம் ஒன்றே என்றால், செயலி பழைய துண்டுகளை ஏற்றுக்கொண்டு, விடுபட்டவற்றை மட்டும் கேட்கத் தொடங்கும்.